புராஸ்டேட் அறுவைக்குப் பின்னும் இரவில் நான்கு முறை எழுகிறேன்

முற்றத்து நிழல் | செவ்வாய், அதிகாலை 3.40

எனக்கு 69 வயது. நான் எழுதும் நேரத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்திருக்கும். இன்றைக்கு இதுவரை மூன்று முறை ஒன்றுக்குப் போய் வந்துவிட்டேன். விடிவதற்குள் இன்னொன்று பாக்கி இருக்கிறது.

பதினான்கு மாதங்களுக்கு முன் புராஸ்டேட் வீக்கத்துக்காக அறுவை செய்துகொண்டேன். அதுவரை சொட்டுச் சொட்டாக, நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. இப்போது தாராளமாகப் போகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் இரவில் எழும் கணக்கு மட்டும் அன்றும் நான்கு, இன்றும் நான்கு. அறுவை செய்தவரிடம் கேட்டேன். "வயதானால் அப்படித்தான்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்.

முதல் முறை போய் வந்தால் உடனே தூங்கிவிடுகிறேன். இரண்டாவதுக்குப் பிறகு கண் மூடுகிறதே தவிர தூக்கம் வருவதில்லை. பகலில் செய்தித்தாளைப் பிடித்தபடியே தலை தொங்கிவிடுகிறது. நேற்றுப் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பாதியிலேயே உறங்கிவிட்டேனாம். மீதியை அவனே தப்பும் தவறுமாகப் போட்டு மூடி வைத்துவிட்டான்.

அறுவை பலிக்கவில்லையா? மறுபடி செய்ய வேண்டி வருமா?

நேர்வழி | செவ்வாய், காலை 6.15

ஐயா, மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். உள்ளே போனால்தானே வெளியே வரும்? நான் ஆறு மாதமாக இப்படித்தான் இருக்கிறேன். மூன்று முறை எழுந்தவன் இப்போது இரண்டு முறைதான் எழுகிறேன். மருந்தும் வேண்டாம், மாயமும் வேண்டாம்.

பழைய செவிலி | செவ்வாய், காலை 8.05

முற்றத்து நிழல் ஐயாவுக்கு. முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் இரவுப் பணி பார்த்தவள் நான். உங்களைப் போல் எத்தனையோ பேருக்கு விளக்குப் போட்டுக் கழிப்பறை வரை துணைக்குப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மருத்துவரின் இடத்தில் நின்று சொல்லவில்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அறுவை பலித்திருக்கிறது. அடைப்பு நீங்கியதால்தான் தாராளமாகப் போகிறது. குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். தொட்டிக்கு இரவில் எவ்வளவு நீர் வந்து சேர்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு மற்றத் தொல்லைகள் தணிந்தாலும் இந்த இரவு விழிப்பு மட்டும் பலருக்குத் தங்கிவிடும். காரணம் புராஸ்டேட்டில் இல்லாதபோது அதை அறுத்து என்ன பயன்?

காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம். சிறுநீரகம் இரவில் அதிகமாகச் சுரக்கலாம். சிறுநீர்ப்பையால் கொஞ்சமாகத்தான் பிடித்துவைக்க முடிகிறது என்றிருக்கலாம். அல்லது தூக்கமே உடைந்திருக்கலாம். விழித்துக் கிடப்பவனுக்குப் போக வேண்டும்போல்தான் தோன்றும். வயதானவர்களிடம் இவை ஒன்றோடொன்று கலந்தும் இருக்கும். எது எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், மில்லிலிட்டர் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை போதும்.

மூன்று நாள், 24 மணி நேரமும், ஒவ்வொரு முறையும் குவளையில் பிடித்து நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். என்ன குடித்தீர்கள், எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதும் வேண்டும். ஒரு இடத்தில் எல்லோருமே தவறு செய்கிறார்கள். படுக்கப் போகும் முன் கழிப்பது பகல் கணக்கு. காலையில் எழுந்ததும் முதலில் கழிப்பது இரவுக் கணக்கு, ஏனென்றால் அது நீங்கள் தூங்கும்போது ஊறியது. இரவு மொத்தத்தை ஒரு நாள் மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 33 சதவீதத்தைத் தாண்டினால் இரவுச் சுரப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். இளையவர்களுக்கு அந்த எல்லை 20.

இன்னும் மூன்று கேள்விகள். மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்திருக்கிறதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? குறட்டை உண்டா? இந்த மூன்றாவதை உங்களிடம் கேட்டுப் பயனில்லை, வீட்டில் கேட்டு எழுதுங்கள்.

நேர்வழி ஐயாவுக்கு: படுக்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து நீரைக் குறைப்பது சரிதான். மாலைக்கு மேல் காபி, டீ, மது இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் நான்கு மணிக்கே நிறுத்துவது அதிகப்படி. வயது ஏற ஏறத் தாக உணர்வே மழுங்கிப்போகும். உடல் வற்றுவது உங்களுக்குத் தெரியாது. மலம் இறுகும், அதுவும் சிறுநீர்ப்பையை அழுத்தும். எழுந்து நின்றால் தலை சுற்றும், இருட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை.

கணக்குப்புலி | செவ்வாய், பகல் 11.20

எனக்கு ஒரு சந்தேகம். சிறுநீர் முட்டுவதால் விழிக்கிறோமா, விழித்துவிட்டதால் போகிறோமா? 72 வயதாகிறது. இரவு இரண்டு மணிக்குக் கண் திறந்தால் கால் தன்பாட்டுக்குக் கழிப்பறைப் பக்கம் நடக்கிறது. போனால் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. வந்ததற்கு மரியாதையாக ஏதோ கொஞ்சம் வருகிறது.

பழைய செவிலி | செவ்வாய், பகல் 12.10

உங்கள் சந்தேகத்தில் பாதி நோய் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் 300 மில்லி போனால் பை நிறைந்துதான் எழுப்பியிருக்கிறது. 60, 80 என்று வந்தால் இரண்டில் ஒன்று. வேறு ஏதோ எழுப்பியிருக்கிறது, நீங்கள் வழக்கத்தால் போகிறீர்கள். இல்லையென்றால் பை நிறையும் முன்பே சுருங்கி அவசரப்படுத்துகிறது. சட்டென்று அடக்க முடியாத அவசரம் பகலிலும் இருந்தால் இரண்டாவது. பகலெல்லாம் நிம்மதியாக இருந்து இரவில் மட்டும் என்றால் முதலில் தூக்கத்தைச் சந்தேகியுங்கள். நள்ளிரவில் எழுந்ததும் கடிகாரம் பார்ப்பீர்களா?

கணக்குப்புலி | செவ்வாய், பகல் 12.25

பார்ப்பேன். விடிய இன்னும் எத்தனை மணி நேரம் என்று கழித்தும் பார்ப்பேன்.

பழைய செவிலி | செவ்வாய், பகல் 12.31

அந்தக் கழித்தலை நிறுத்துங்கள். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

மூன்றாம் மகள் | செவ்வாய், இரவு 9.45

அம்மாவுக்கு 76 வயது. இரவில் மூன்று முறை எழுவார். போன மாதம் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்துவிட்டார். எலும்பு தப்பியது, முழங்கை மட்டும் கிழிந்தது. என்னை எழுப்பக் கூடாதென்று விளக்குப் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டே போயிருக்கிறார். மிதியடி மடங்கிக் கிடந்திருக்கிறது.

இதய பலவீனத்துக்காக நீர் பிரியும் மாத்திரை, ஃபுரோசமைடு, இரண்டு வேளை சாப்பிடுகிறார். மருந்துக் கடையில் அட்டையின் மேல் "காலை, இரவு" என்று எழுதிக் கொடுத்தார்கள். இரவு எட்டு மணிக்குக் கொடுத்துவருகிறேன். இங்கே படித்த பிறகு மனம் உறுத்துகிறது. இதுதான் காரணமாக இருக்குமா அக்கா?

பழைய செவிலி | செவ்வாய், இரவு 10.20

இருக்கும் தங்கையே, பெரும்பங்கு இருக்கும். அந்த மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை நீரை இறக்கும். இரவு எட்டு மணிக்குக் கொடுத்தால் இரண்டு மணி வரை அம்மாவைத் தூங்க விடாது. இரண்டாவது வேளையைப் பிற்பகலில், படுப்பதற்கு ஆறு மணி நேரமாவது முன்னால், கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் இதயத்துக்கான மருந்து, நீங்களாக மாற்றாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, "இரண்டாவது வேளையைப் பிற்பகல் இரண்டு மணிக்குத் தரலாமா" என்று நேராகக் கேளுங்கள். சிலருக்கு இரவுச் சுரப்பைக் குறைப்பதற்கென்றே இதே மாத்திரையைப் பிற்பகலில் தருவதும் உண்டு.

மிதியடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நடக்கும் வழியில், கால் மட்டத்தில், ஆள் அசைந்தால் தானே எரியும் சிறு விளக்கு ஒன்று வையுங்கள். அறை விளக்கைப் பளீரென்று போட்டால் மூளை விடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளும், பிறகு தூக்கம் வராது. கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றிய பிறகே எழ வேண்டும். இது இங்கிருக்கும் எல்லோருக்கும்தான். ஆண்களும் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். நின்றபடி கழிக்கையில் ரத்த அழுத்தம் திடீரென இறங்கி மயங்கி விழுந்த ஆண்களை நானே தூக்கியிருக்கிறேன். நடக்கவே சிரமமென்றால் கட்டிலருகில் கமோடு நாற்காலி வைப்பதில் என்ன வெட்கம்?

அரைத்தூக்கம் | புதன், காலை 7.00

குறட்டை பற்றிக் கேட்டீர்களே, அதனால் எழுதுகிறேன். என் கணவருக்கு 66 வயது. நான்கைந்து முறை எழுவார். நீரிழிவு இல்லை, புராஸ்டேட்டும் பெரிதாக இல்லை என்றார்கள். அவர் எழுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பது பக்கத்தில் படுப்பவளுக்குத்தான் தெரியும். குறட்டை ஏறிக்கொண்டே போகும், சட்டென்று நிற்கும். மூச்சே இருக்காது. நான் எண்ணுவேன். ஒருமுறை இருபத்தைந்து வரை எண்ணினேன். பிறகு யாரோ கழுத்தைப் பிடித்துவிட்டு விட்டதுபோல் ஒரு இழுப்பு. புரண்டு எழுந்து, "ஒன்றுக்கு வருகிறது" என்று போவார். மூச்சுத் திணறி எழுந்ததாக அவருக்கு நினைவே இருக்காது.

தூக்க ஆய்வு செய்தார்கள். மூச்சுத்தடை நோய் என்று தெரிந்தது. சிபாப் கருவி கொடுத்தார்கள், மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குவது. முதல் வாரம் சண்டை போட்டார். இப்போது மாட்டிக்கொள்கிறார். எழுவது ஒன்றாகக் குறைந்துவிட்டது. மூச்சுக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பழைய செவிலி | புதன், காலை 7.40

தொண்டை அடைத்திருக்கும்போது மூச்சை உள்ளே இழுக்கப் போராடுவார். அப்போது மார்புக்குள் அழுத்தம் வெகுவாக இறங்கி, இதயத்துக்கு ரத்தம் அதிகமாகத் திரும்பி, அதன் மேலறைகள் விரியும். உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று இதயம் ஏமாந்து ஒரு ஹார்மோனை வெளிவிடும். உப்பையும் நீரையும் வெளியேற்று என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதன் வேலை. அதனால் மூச்சுத்தடைக்காரர்களுக்கு இரவில் உண்மையிலேயே நிறையச் சுரக்கும். கூடவே, மூச்சடைத்துக் கண் விழிக்கும்போதெல்லாம் பையில் இருப்பதும் தெரியும். இரண்டு பக்கமும் இடி.

இந்த நோய் சிறுநீர் மருத்துவரிடமும் தப்பும், தூக்க மருத்துவரிடமும் தப்பும். முன்னவர் குறட்டையைப் பற்றிக் கேட்பதில்லை, பின்னவரிடம் யாரும் ஒன்றுக்குப் போவதைச் சொல்வதில்லை.

இருபதாம் படி | புதன், மாலை 4.15

என் நண்பருக்கு டெஸ்மோபிரெசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முதல் இரவே ஒரேயடியாகத் தூங்கிவிட்டாராம். அவரிடம் மிச்சமிருக்கிறது, நான்கைந்து வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எனக்கு 71.

பழைய செவிலி | புதன், மாலை 4.22

வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம்.

பொறுமையாகச் சொல்கிறேன். நமக்கெல்லாம் மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரந்து, நீரைப் பிடித்துவை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். இளமையில் இரவில் அது கூடுதலாகச் சுரப்பதால்தான் விடிய விடியத் தூங்கினோம். வயதாக ஆக அந்த இரவு ஏற்றம் பலருக்கு மங்கிவிடுகிறது. டெஸ்மோபிரெசின் அதன் செயற்கை வடிவம். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நீரைப் பிடித்துவைக்கும்போது ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 65 வயதுக்கு மேல் இந்த ஆபத்து மிக அதிகம். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு குழப்பம், வலிப்பு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதே மருந்தை மூக்கில் அடிக்கும் வடிவில் இரவுச் சிறுநீருக்கு அனுமதித்தபோது, மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிச் சோடியம் பற்றிய கடும் எச்சரிக்கை போட வைத்தது. அந்நாட்டு முதியோர் மருத்துவச் சங்கம் முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இரவுச் சிறுநீருக்கான இந்தப் பயன்பாட்டைச் சேர்த்திருக்கிறது. மருத்துவரே கொடுத்தாலும், தொடங்கும் முன்னும், முதல் வாரத்திலும், ஒரு மாதம் ஆனதும் ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும். நண்பரின் மிச்சத்தை நண்பரிடமே விட்டுவிடுங்கள்.

இருபதாம் படி | புதன், மாலை 5.02

விட்டுவிட்டேன் அம்மா. திட்டியதற்கு நன்றி.

முற்றத்து நிழல் | சனி, காலை 9.30

மூன்று நாள் கணக்கு முடிந்தது. குவளையைக் கழிப்பறை ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன். "சமையலறைக்கு வரக் கூடாது" என்று மனைவி அதன்மேல் சிவப்பு மையால் எழுதிவிட்டாள். பென்சிலை நூலில் கட்டிக் கதவில் தொங்கவிட்டிருக்கிறேன். அரைத்தூக்கத்தில் எழுதியதால் முதல் இரவின் ஒரு எண் 290ஆ 240ஆ என்று தெரியவில்லை. எனவே இரண்டாம் நாளைத் தருகிறேன்.

படுத்தது 10.15. இரவு 11.50க்கு 320 மில்லி. 1.30க்கு 290. 3.15க்கு 260. 4.50க்கு 210. காலை எழுந்ததும் 180. கூட்டினால் 1,260. பகல் முழுவதும் சேர்த்து 840தான். மொத்தம் 2,100. இரவுப் பங்கு 60 சதவீதம்! மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பகலில் வேலைநிறுத்தம் செய்துவிட்டு இரவில் கூடுதல் பணி பார்க்கிற சிறுநீரகத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். காலுறைப் பள்ளம் உண்டு. நேற்று மாலை விரலால் அழுத்திப் பார்த்தேன், எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மூன்று வருடமாகச் சாப்பிடுகிறேன். குறட்டை கொஞ்சம், மூச்சு நிற்பதில்லை என்று மனைவி சாட்சி சொல்கிறாள்.

பழைய செவிலி | சனி, காலை 10.05

ஒரே மூச்சில் 320 பிடித்துவைக்கிற பையைக் குறை சொல்ல முடியாது. அறுவையைப் பற்றிய கவலையை விடுங்கள்.

நீங்கள் பகலில் குடிக்கும் நீரில் ஒரு பங்கு காலில் இறங்கித் தங்கிவிடுகிறது. படுத்ததும் காலும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன, தேங்கியது ரத்தத்துக்குத் திரும்புகிறது, சிறுநீரகம் அதை வடிக்கிறது. அதனால்தான் உங்கள் முதல் இரண்டு அளவும் பெரியவை, பிறகு படிப்படியாக இறங்குகின்றன. கணுக்கால் வீக்கம் அம்லோடிபினின் தெரிந்த பக்கவிளைவு. ஆனால் இதயம், சிறுநீரகம், கால் நாளங்கள் ஆகியவற்றாலும் கால் வீங்கும். அதை விலக்காமல் மாத்திரை மேல் பழி போடக் கூடாது. இந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உப்பையும் கவனியுங்கள். ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழகத்தினர் 2017இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் சராசரியாக 10.7 கிராம் உப்பு சாப்பிட்டவர்கள் 8 கிராமாகக் குறைத்தபோது இரவில் எழுவது 2.3லிருந்து 1.4 முறையாகக் குறைந்தது. மருந்து எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது.

மூன்றாம் மகள் | திங்கள், காலை 8.10

மருத்துவர் இரண்டாவது வேளையைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றச் சொன்னார். ஐந்து நாளாயிற்று. அம்மா இரவில் ஒரு முறைதான் எழுகிறார், அதுவும் மூன்று மணிக்கு மேல். விளக்கும் வைத்துவிட்டேன். "இது என்னை வேவு பார்க்கிறது" என்கிறார். இருந்தாலும் அதன் வெளிச்சத்தில்தான் நடக்கிறார்.

முற்றத்து நிழல் | நான்கு வாரங்களுக்குப் பின், ஞாயிறு, காலை 6.50

இதயத்தை எதிரொலிப் பரிசோதனை (எக்கோ) செய்தார்கள், சிறுநீரகத்துக்கு ரத்தம் பார்த்தார்கள். இரண்டும் ஒழுங்காகவே இருக்கின்றன. மருத்துவர் அம்லோடிபினுக்குப் பதில் வேறு வகை மாத்திரை தந்தார். பகலில் முழங்கால் வரை அழுத்தக் காலுறை. அதைக் காலையில் மாட்டுவதற்குள் ஒரு மல்யுத்தமே நடந்துவிடுகிறது. மாலை நான்கு முதல் ஐந்து வரை காலைத் தலையணைகள் மேல் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறேன். தூங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பேரனை வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிறேன். அந்த நேரத்திலேயே கால் நீர் இறங்கி, ஆறு மணிக்குள் இரண்டு முறை போய்விடுகிறேன்.

நேற்றைய கணக்கு: இரவு 2.20க்கு 280, 4.40க்கு 260, காலை 240. ஆக 780. நாள் மொத்தம் 2,000. 39 சதவீதம். 33க்கு இன்னும் மேலேதான், தெரிகிறது. ஆனால் படுத்த நான்கு மணி நேரத்துக்கு யாரும் எழுப்புவதில்லை. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் கிடைக்காதது இந்த நான்கு மணி நேரத்தில் கிடைக்கிறது. ஏனென்று சொல்வீர்களா?

பழைய செவிலி | ஞாயிறு, காலை 8.15

ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்று நான்கு மணி நேரத்தில்தான் வருகிறது. முன்பு உங்களை 11.50க்கு எழுப்பி அதைத்தான் கொள்ளையடித்தது. இப்போது இரண்டு முறை எழுந்தாலும் அது கைக்கு வந்த பிறகு எழுகிறீர்கள். எத்தனை முறை என்று கேட்பவர்கள் முதல் முறை எப்போது என்றும் கேட்க வேண்டும்.

நேர்வழி | ஞாயிறு, காலை 11.40

ஒரு மாதமாக இந்த இழையை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று நானும் ஒரு குவளை எடுத்துவைத்தேன். இரவு 1 மணிக்கு 90 மில்லி, 4 மணிக்கு 70. அடர்ந்த மஞ்சள் நிறம், எரிச்சலும் இருந்தது. எழுந்ததும் கொஞ்சம் தலை சுற்றல். இதற்கு என்ன பொருள் அம்மா?

பழைய செவிலி | ஞாயிறு, காலை 11.52

இன்று மாலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். எரிச்சல் இருப்பதால் நாளைக் காலையில் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள், கிருமி இருக்கிறதா என்று தெரிய வேண்டும். குவளையில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறது.

நேர்வழி | ஞாயிறு, மாலை 6.04

குடித்துவிட்டேன்.